வெள்ளைத் துணியில் டயர்த் தடம்

ஜூலை 12, சனிக்கிழமை. இன்றைய தவறு: வண்டியை நிறுத்துவதற்காகப் பெடலைப் பின்பக்கமாக மிதித்தேன். வண்டி நிற்கவில்லை.

இதை எழுதிவிட்டு மஹ்லியோ பேனாவை மூடினாள். பிறகு மறுபடியும் திறந்து, "வண்டியின் தவறா, என் தவறா என்று யோசித்துப் பார்த்தேன். என் தவறுதான்" என்று சேர்த்தாள். அப்போதும் மனது ஆறவில்லை. "கிரீம் பன் பெட்டி வாய்க்காலோடு போய்விட்டது" என்பதையும் எழுதிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மாலை வகுப்பில் கசாக் மொழி சொல்லித்தரும் ஆசிரியை போட்ட விதி இது. வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கிறவர்கள் தினமும் கசாக்கில் நாட்குறிப்பு எழுத வேண்டும். முதல் வரி அன்றைக்குச் செய்த தவறு, கடைசி வரி மறுநாள் செய்யவேண்டிய வேலை. நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். மற்ற மாணவர்கள் தவறு கிடைக்காமல் திண்டாடினார்கள். ஒரு கொரியக்காரர் மூன்று வாரமாக "இன்று தாமதமாக எழுந்தேன்" என்றே எழுதிக்கொண்டிருந்தார். மஹ்லியோவுக்கு அந்தப் பஞ்சம் வந்ததே இல்லை. எந்தத் தவறை எழுதுவது, எதை விடுவது என்பதுதான் அவள் கவலை.

அவளுடைய ஊர் உஸ்பெகிஸ்தானில் உர்கெஞ்ச். தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். பால்காரியிலிருந்து பள்ளித் தலைமையாசிரியர் வரை அங்கே எல்லோரும் சைக்கிள்தான். வண்டிக்கு ஒரே கியர், அதற்கு மேல் தேவையும் இல்லை. நிறுத்த வேண்டுமென்றால் பெடலைப் பின்னால் ஒரு மிதி மிதித்தால் போதும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து தையல் வேலைக்கென்று கசாக் நாட்டு அல்மாட்டிக்கு வந்தவள் அவள். ஜூன் மாதம் தையல்கூடத்தை மூடிவிட்டார்கள். அண்ணன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்: "திங்கக்கெழமைக்குள்ள வேல கெடச்சா அங்கயே இரு. இல்லன்னா செவ்வாக்கெழம ரயில் ஏறு. திரைச்சீல கடையில வளையம் கோக்க ஆள் வேணும்." வளையம் கோப்பதில் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் அண்ணன் கடையில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் கல்யாணம் ஆகும்வரை எழுந்திருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆன பிறகும் மதிய உணவுக்கு மட்டும்தான்.

அதனால்தான் ஜாஸிரா அக்காவின் கேக் கடை வாசலில் "சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேவை" என்ற அட்டையைப் பார்த்ததும் யோசிக்காமல் உள்ளே நுழைந்தாள். யோசித்திருந்தால் நுழைந்திருக்க மாட்டாள்.

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள் ஜாஸிரா.

"எங்க ஊர்ல நடக்கறதுக்கு முன்னாடியே ஓட்டக் கத்துக்குவோம் அக்கா."

"சரி. சனி, ஞாயிறு ரெண்டு நாள் ஓட்டு. பாக்கறேன். சரியா வந்தா திங்கக்கெழமலேருந்து வேல."

சனிக்கிழமை என்ன ஆனது என்பது தெரிந்ததுதான். கடையிலிருந்து சந்தைப் பக்கம் போகும் தெரு மலையிலிருந்து இறங்கிவருவது. கடைச் சைக்கிளோ கியர் வைத்த புது வண்டி. அதன் பெடல் பின்பக்கமாகச் சும்மா சுற்றும், காத்தாடி மாதிரி. திருப்பத்தில் மஹ்லியோ பின்பக்கம் மிதித்தாள், இன்னொரு முறை மிதித்தாள், அப்புறம் ஒரு முதியவரிடம் "மன்னிச்சுக்கோங்க" என்று கத்தினாள், அப்புறம் தெருவோர வாய்க்காலில் இருந்தாள். ஜூலை மாதத்திலும் பனிமலைத் தண்ணீர் எலும்பைக் கடித்தது. பன் பெட்டி மட்டும் நிதானமாக மிதந்து, மூன்று குறுக்குத் தெருக்களைத் தாண்டி, ஒரு கசாப்புக் கடை நாயிடம் போய்ச் சேர்ந்தது.

நனைந்த செருப்போடு திரும்பி வந்தவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டான் தௌலெத். கடையில் அடுப்பும் அவன்தான், பழைய காரில் பெரிய கேக்குகளைக் கொண்டுபோகிறவனும் அவன்தான்.

"என்ன உர்கெஞ்ச் மகாராணி, கப்பல் விட்டீங்களாமே?"

"பிரேக் புடிக்கல அண்ணா."

"பிரேக் கையில இருக்கு தாயி. இந்தா, இத அழுத்து. கால்ல இருக்கறது பெடல்."

அன்று மாலை முழுக்கத் தௌலெத் வழியில் எதிர்ப்பட்டபோதெல்லாம் இரண்டு கையையும் நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினான். ஜாஸிரா சிரிக்கவில்லை. "ஒரு பெட்டி போனா போகுது. நாளைக்கும் இதே கத ஆச்சுன்னா நீ உங்க அண்ணன் கடைக்கே கெளம்பிடு" என்றாள். குரலில் கோபமில்லை. அதுதான் மஹ்லியோவுக்குப் பயமாக இருந்தது.

எந்தக் காரியத்தையும் முறையாகச் செய்கிறவள் அவள். அறைக்குப் போனதும் நகர வரைபடத்தை விரித்து, கடையிலிருந்து ஒவ்வொரு பேட்டைக்கும் நூல் வைத்து அளந்தாள். பிறகு நாட்குறிப்பின் கடைசி வரியை எழுதினாள்: நாளை வேலை: இறக்கத்தில் போகாமல் இருப்பது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வேலை தானாகவே கூடிவந்தது போல இருந்தது. அன்றைக்கு ஒரே ஒரு கேக்தான். அதுவும் மலைப்பக்கம், மேலே, ஏற்றத்திலேயே.

"தோக்ஜான்னு ஒருத்தி வீட்டு விசேஷம். அவ பையனுக்குக் கால்கயிறு வெட்டறாங்க" என்றாள் ஜாஸிரா. "பதினாலு மாசமாச்சு, இன்னும் நடக்கலயாம். கால்ல கறுப்பு வெள்ளக் கயிறக் கட்டி, வேகமா நடக்கற ஆளாப் பாத்து வெட்டச் சொல்லுவாங்க. வெட்டறவ மாதிரியே புள்ளயும் வரும்."

மேசையில் கேக் தயாராக இருந்தது. தேன் கேக்கில் செய்த ஒரு ஜோடிக் குட்டிக் காலணி, கிரீமில் முறுக்கிய கறுப்பு வெள்ளைக் கயிறு. தௌலெத் காரில்தான் கொண்டுபோவதாக இருந்தது. ஆனால் அன்றைக்கு நகரத்தில் பொதுமக்கள் சைக்கிள் பந்தயம். மலைப்பக்கம் போகிற பெரிய சாலைகளில் கார்களை விடவில்லை. தௌலெத் தடுப்புவரை போய், போக்குவரத்துக் காவலரோடு சண்டை போட்டு, தோற்றுத் திரும்பியிருந்தான்.

"வேற வழியில்ல" என்று ஜாஸிரா பெட்டியைப் பின் கேரியரில் இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினாள். "இது மட்டும் வாய்க்கால்ல போச்சுன்னா நானே வாய்க்கால்ல குதிச்சிருவேன்."

"மேலதானே அக்கா போறேன். ஏத்தத்துல பிரேக்கே வேணாம்" என்றாள் மஹ்லியோ. நியாயம்தான் என்று அவளுக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதும் லேசாகக் கலக்கமாகவும் இருந்தது.

கலக்கத்துக்குக் காரணம் கொஞ்ச தூரத்திலேயே தெரிந்துவிட்டது. நூலுக்கு ஏற்றம் இறக்கம் தெரியாது. வரைபடத்தில் சுண்டுவிரல் நீளமிருந்த சாலை, வெயிலில் எழுந்து நின்று சுவராகிவிட்டது. சாலையின் கடைசியில் மலை. எவ்வளவு மிதித்தாலும் அது கிட்டே வரவில்லை. மாறாக, பந்தயக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அவளைக் கடந்து போனார்கள். நடைபாதையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். "ஏ கேக்கு! விடாத, மிதி!" என்று ஒரு கூட்டம் கத்தியது. ஒரு தொண்டர் ஓடிவந்து அவள் வாயருகே தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் பந்தயத்தில் இல்லை என்று சொல்ல மஹ்லியோவுக்கு மூச்சு இருந்தால்தானே.

எழுபத்திரண்டாம் எண்ணை முதுகில் குத்திக்கொண்டு ஒரு பருத்த மனிதர் பக்கத்தில் வந்து சேர்ந்தார். பந்தய உடை அவர் தொப்பையின் பாதியைத்தான் மறைத்திருந்தது.

"ஏம்மா, பெட்டிக்குள்ள என்ன, பட்டறைக் கல்லா?"

"கேக்கு... அண்ணா."

"பின்ன எதுக்கு இப்பிடி மிதிக்கற? கியர மாத்து."

"எத?"

"எதயா? அதோ, வலது கைக்கிட்ட இருக்கு பாரு, அந்தக் குமிழ."

"அது கட வண்டி அண்ணா. எதயும் தொடக் கூடாது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் தொடல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரு நீ?"

"உர்கெஞ்ச்."

"அதானே!" என்றார் அவர், எல்லாம் விளங்கிவிட்டது போல. "தள்ளு, தள்ளு. கட்டைவிரலால தள்ளு."

தள்ளினாள். சடக்கென்று ஒரு சத்தம். காலுக்கடியிலிருந்த பாரமெல்லாம் எங்கோ போய்விட்டது. "ஐயோ, செயின் அறுந்துபோச்சு!" என்று வண்டியிலிருந்து குதித்துவிட்டாள்.

எழுபத்திரண்டாம் எண் சிரித்த சிரிப்பில் அவருக்கே வண்டி ஆடியது. "அறுந்தா வண்டி எப்பிடிப் போகும்? ஏறு, ஏறு. இனிமே நீ பறக்கப் போற. பிரேக் எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

"கைக்குத் தெரியும் அண்ணா. காலுக்குத்தான் இன்னும் தெரியல."

அவர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்து, மூச்சு வாங்கி, பின்தங்கிப் போனார். மஹ்லியோ பறக்கவில்லை, ஆனால் நகர்ந்தாள். ஏற்றம் இருந்தது, வெயில் இருந்தது, கால்கள் மட்டும் மாவரைக்கிற மாதிரி லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜாஸிரா கொடுத்த முகவரிச் சீட்டில் எழுதியிருந்த தெருமுனை வந்தது. பந்தயச் சாலையை விட்டு வலப்பக்கச் சந்தில் திரும்பினாள். வேலை கிடைத்துவிட்டது என்று முதன்முதலாக நினைத்தாள்.

சந்து ஓடைப்பக்கம் இறங்கியது.

லேசான இறக்கமில்லை. சந்தின் வாயில் வாய்க்கால் நிரம்பி வழிந்து சேறாகியிருந்தது. அந்தச் சேற்றைத் தாண்டியதும் வண்டி தானாகவே ஓட ஆரம்பித்தது. கீழே ஒரு வீட்டின் பெரிய கதவு அகலத் திறந்திருந்தது. மஹ்லியோவின் கால்கள், அவளைக் கேட்காமலே, உர்கெஞ்சில் கற்றுக்கொண்டதைச் செய்தன. பெடல் பின்பக்கமாகக் காத்தாடி சுற்றியது.

முற்றத்தில் ஆப்பிள் மரங்களுக்கடியில் இரண்டு வரிசை மேசைகள். நடுவில், குழந்தை நடப்பதற்காக விரித்த நீளமான வெள்ளைத் துணி. குழந்தை இன்னும் ஓரத்தில் அம்மா மடியில்தான் இருந்தது. விருந்தாளிகள் ஒதுங்கினார்கள். யாரோ ஒருவர் பாவுர்சாக் என்ற பொரித்த மாவுருண்டைத் தட்டோடு நாற்காலிமேல் ஏறிவிட்டார். மஹ்லியோ வெள்ளைத் துணியின் ஒரு முனையில் ஏறி, நேராக மறுமுனைவரை போய், அப்போதுதான் கைக்கு ஞாபகம் வந்து, பிடித்தாள். முன்சக்கரம், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் இருந்த மேசையின் காலை மெல்ல முட்டி நின்றது. பாவுர்சாக் ஒன்று உருண்டு வந்து அவள் செருப்பருகே நின்றது.

வெள்ளைத் துணியின் நடுவே, அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி, ஒரு கறுப்புச் சேற்றுத் தடம்.

மஹ்லியோ பெட்டியின் மூடியைத் துளி தூக்கி எட்டிப் பார்த்தாள். இடது காலணி வலது காலணியின் மேல் சாய்ந்திருந்தது, பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தூங்கி விழும் பஸ் பயணி போல. மூடிவிட்டாள். செவ்வாய்க்கிழமை ரயிலின் சத்தம் காதில் கேட்டது. "அக்கா, கேக்கு..." என்று ஆரம்பித்தாள்.

அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. குழந்தையின் அப்பா மெய்ராம்பெக்கின் கையிலிருந்த போன் கத்தியது.

"கீழ தடுப்புக்கிட்டயே நிக்கறோம்! ஒரு காரையும் விடமாட்டேங்கறான்!"

"அண்ணி, நடந்தாவது வந்துடுங்களேன். எல்லாரும் காத்திருக்காங்க."

"வர்றேன், வர்றேன். நான் வர்ற வரைக்கும் கயித்த யாரும் தொடக் கூடாது. சைக்கிள்ல வர்றவங்கள மட்டும் விடறானாம், பாத்தியா அநியாயத்த!"

முற்றத்திலிருந்த எல்லாத் தலைகளும் மஹ்லியோ பக்கம் திரும்பின.

போனில் பேசியது சௌலே அண்ணி, பள்ளிக்கூடத்து ஓட்டப் பயிற்சியாளர். வெட்ட வேண்டியவர் அவர். மடியில் கால் கட்டிக் கிடந்த குழந்தை ஜாங்கிர் தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தான். கறி ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணி வர்றதுக்குள்ள இவனுக்குக் கல்யாண வயசே வந்துடும்" என்றாள் அம்மா தோக்ஜான். "வேற யாராவது வெட்டுங்க."

"எங்க மாமா வெட்டட்டும்" என்றான் மெய்ராம்பெக்.

"உங்க மாமாவா? சாப்பாட்டு மேசைலேருந்து எந்திரிக்கவே ரெண்டு பேர் தூக்கணும். அவர் வெட்டினா பையன் காலேஜுக்குத்தான் எந்திரிச்சுப் போவான்."

"அப்ப உங்க அத்த?"

"எங்க அத்தைய இழுக்காதீங்க." தோக்ஜான் வெள்ளைத் துணியைப் பார்த்தாள். "பாதையில மொதல்ல வந்தது யாரு? இந்தப் பொண்ணு. இவளே வெட்டட்டும்."

"வேணாம் அக்கா!" மஹ்லியோ ஒரேயடியாகப் பின்வாங்கி மேசையில் இடித்துக்கொண்டாள். "நேத்து வாய்க்கால்ல விழுந்தேன். இப்பக் கூடப் பிரேக் போடத்தான் பாத்தேன், எனக்கு நிக்கவே தெரியல. வேகமா வந்தேன்னு நெனச்சீங்க, அது வேகமில்ல. புள்ள என்ன மாதிரி ஆயிட்டா என்ன பண்ணுவீங்க?"

தோக்ஜான் அவளை உற்றுப் பார்த்தாள். "விழுந்தியா?"

"விழுந்தேன்."

"அப்புறம்?"

"எந்திரிச்சுக் கடைக்குப் போனேன். வேற எங்க போறது?"

"பதினாலு மாசமா உக்காந்த எடத்துல சாமி மாதிரி உக்காந்திருக்கான் இவன். நிக்கத் தெரியாம ஓடினா எனக்குப் போதும். நிறுத்தறத அப்புறமா நான் சொல்லித் தர்றேன். கத்தரிக்கோல் எங்க?"

கத்தரிக்கோலைக் கையில் திணித்தார்கள். கேக் பெட்டியை யாரோ கேரியரிலிருந்து அவிழ்த்து, மூடியை எடுத்து, துணியின் மறுமுனையில் ஒரு தாழ்ந்த முக்காலியில் வைத்தார்கள். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் குழந்தையின் காலில்தான். ஜாங்கிரைத் துணியில் நிறுத்தி மெய்ராம்பெக் அக்குளில் பிடித்துக்கொண்டான். மஹ்லியோ குனிந்தாள். தையல்காரியின் கை அது. கயிறு ஒரே வெட்டில் விழுந்தது.

அழுகை நின்றது. ஜாங்கிர் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். பிறகு கறுப்புத் தடத்தைப் பார்த்தான். வெறும் வெள்ளைத் துணியில் எங்கே போவது என்று அவனுக்கு விளங்கியிருக்காது. கோடு இருந்ததால் விளங்கியது. கோட்டின் மேல் ஒரு கால் வைத்தான், இன்னொரு கால் வைத்தான். மெய்ராம்பெக் மெதுவாகக் கையை எடுத்தான்.

"நடக்கறான்!" என்றாள் தோக்ஜான்.

நடக்கவில்லை, ஓடினான். கோட்டின் மேலேயே, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, மேலும் மேலும் வேகமாக. பாதிவழியில் பொத்தென்று விழுந்தான், எழுந்தான், விட்ட இடத்திலிருந்தே ஓடினான். துணி முடிந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"புடிங்க! புடிங்க அவன!"

பிடிக்க முடியவில்லை. ஜாங்கிர் முழங்கைவரை கேக்குக்குள் போய் நின்றான். சாய்ந்திருந்த காலணியும் சாயாத காலணியும் ஒன்றாகிப்போயின. அவன் தலையைத் தூக்கி, வாயைச் சுற்றித் தேன் வழிய, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

அந்த முற்றத்தில் எழுந்த சத்தத்தில் ஆப்பிள் மரத்திலிருந்து குருவிகள் பறந்தன. யாரோ மஹ்லியோவைக் கட்டிக்கொண்டார்கள். யாரோ ஒரு தங்க ஜரிகை போட்ட கருஞ்சிவப்பு வெல்வெட் மேலங்கியை அவள் தோளில் போட்டார்கள். கயிறு வெட்டியவருக்கு மேலங்கி போடாமல் அனுப்ப முடியாது. வாயில் கறி, கையில் தேநீர். "கேக்கு சாஞ்சிருந்துச்சு" என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தாள். "எந்தக் கேக்கு?" என்று கேட்டார்கள்.

அவள் கிளம்பும்போதுதான் சௌலே அண்ணி வந்து சேர்ந்தார், தடுப்பிலிருந்து அத்தனை ஏற்றத்தையும் ஓடியே. உண்மையிலேயே நல்ல ஓட்டக்காரிதான். வாசலில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முதலில் மேலங்கியைப் பார்த்தார், அப்புறம் அதற்குள் இருந்தவளைப் பார்த்தார்.

"இது என் அளவுக்கு எடுத்ததாச்சே. யாருடி நீ?"

"கேக் கடைப் பொண்ணு, அக்கா" என்றாள் மஹ்லியோ.

சந்தில் ஏறிப் பெரிய சாலைக்கு வந்ததும், திரும்பும் வழி முழுக்க இறக்கம். அதனால் மஹ்லியோ வண்டியில் ஏறவே இல்லை. நகரத்தின் பாதியை, ஜூலை வெயிலில், வெல்வெட் மேலங்கியோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து இறங்கினாள். கீழே, பந்தயம் சுற்றிவந்து முடியும் இடத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் மிச்சமிருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கடைசியாக வந்தவளுக்கு என்று ஒரு பதக்கத்தையும் கழுத்தில் மாட்டினார்கள். மறுக்கலாமா என்று அவள் யோசிப்பதற்குள் படம் எடுத்துவிட்டார்கள்.

கடை வாசலில் தௌலெத் நின்றிருந்தான். விரல்களை மடக்கிக் காட்டத் தூக்கிய கை பாதியிலேயே நின்றது. மேலங்கி, பதக்கம், சேறு. "காலையில கேக்கு குடுக்கத்தானே போன?" என்றான்.

ஜாஸிரா போனை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஒருத்தி பயிற்சியாளராம். என் கொழுந்தன் புள்ளையோட கால்கயித்த வெட்டறதுக்கு உன் கடைப் பொண்ணு யாருன்னு கேட்டுக் கத்தினா. என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு."

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மஹ்லியோவும் அதை யோசித்தாள். பிறகு பின்பக்கம் மிதித்தது, துணி, தடம், ஜாங்கிர் கை வைப்பதற்கு முன்னாலேயே சாய்ந்திருந்த இடது காலணி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மேலங்கியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள், ரயில் ஏறப் போகிறவள் மாதிரி.

"முடிஞ்சுதா?" என்றாள் ஜாஸிரா. "நான் இன்னும் முடிக்கல. அவளுக்கு முன்னாடி தோக்ஜான் பேசினா. பையன் இன்னும் ஓடிட்டிருக்கானாம். நாலு பேர் துரத்தறாங்களாம். இனிமே அந்த வீட்டுப் பொறந்த நாள், பண்டிக எல்லாத்துக்கும் கேக்கு இங்கதானாம். ஆனா கயிறு வெட்டினவ கையாலதான் வரணுமாம். வேற ஆள் கொண்டுவந்தா வாங்க மாட்டாளாம்." மேலங்கியை எடுத்து மறுபடி அவள் தோளிலேயே போட்டாள். "அவளுக்கு இன்னும் நாலு பெத்துக்கற வயசு. உன்ன எப்பிடி நான் ஊருக்கு அனுப்பறது? சும்மா நிக்காத, போய்க் கை கழுவிட்டு வா. ஒடம்பெல்லாம் சேறு."

தௌலெத் மெதுவாகச் சொன்னான்: "அடுத்த புள்ளைக்காவது பிரேக்கோட வெட்டு தாயி."

அன்று மாலை மஹ்லியோ நாட்குறிப்பைத் திறந்தாள். மேலங்கி ஆணியில் தொங்கியது, பதக்கம் அதன் பித்தானில்.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. இன்றைய தவறு: நேற்றைய தவறேதான். வேறு எழுத முயன்றேன், இது முன்னால் வந்து நின்றுகொண்டது. எனக்கு உரிமையில்லாத ஒரு பதக்கத்தையும் வாங்கிக்கொண்டேன். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

நடுவில் நிறைய எழுத இருந்தது. கசாக்கில் அதற்கெல்லாம் சொல் போதுமா என்று சந்தேகம் வந்தது. விட்டுவிட்டு, கடைசி வரிக்குப் போனாள்.

நாளை வேலை: முதலில் அண்ணனுக்குப் போன் செய்து ரயிலுக்கு வரவில்லை என்று சொல்வது. பிறகு, கடை திறக்கும் முன், பின்னாலுள்ள தட்டையான முற்றத்தில் கையால் பிரேக் பிடித்துப் பழகுவது.